எண்ணிக்கையின் சுமை: போடி மலைச்சரிவின் கேமராப் படங்களும் டிஸ்க் விட்டு டிஸ்க் நகலெடுக்கும் முறைகளும்

1. களமும் கேள்வியும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவில் ஏறிச்செல்லும் காடு, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவையும் இணைக்கும் புலி வழித்தடத்தில் அமைந்தது. பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் தொடர்பான வழக்கில், 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், திட்டத்தை எதிர்ப்பதற்கான காரணங்களில் ஒன்றாக இவ்வழித்தடத்தை முன்வைத்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2021 பிப்ரவரியில், தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதி தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இம்மலைகளில் எந்த விலங்கு எங்கே நடமாடுகிறது என்பது இன்று ஆர்வலர்களின் விவாதத்தோடு நிற்பதில்லை. அணை, சாலை, சுரங்கம் ஆகியவற்றுக்கு அனுமதி தருவதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் சான்றாகவும் ஆகிவிட்டது.

அந்தச் சான்றில் பெரும்பங்கு தானியங்கி கேமராக்களிலிருந்து வருகிறது. காட்டுப்பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமராக்கள் கட்டப்படுகின்றன; புலியின் வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் வேறுவேறு என்பதால் இரண்டும் வேண்டும். வெப்பமுள்ள உடல் ஒன்று முன்னே அசைந்தால் கேமரா படமெடுக்கும். 2018–19இல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்ததில் 3,48,58,623 படங்கள் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651; சிறுத்தை இருந்தவை 51,777. அடுத்த சுற்றான 2022இல் இடங்கள் 32,588 ஆகவும் படங்கள் 4,70,81,881 ஆகவும் உயர்ந்தன. முந்தைய சுற்றின் கணக்குப்படி ஓர் இடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,300 படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு தனிக் கோப்பு.

இவை கேமராவின் மெமரி கார்டிலிருந்து மடிக்கணினிக்கும், அங்கிருந்து கையடக்க ஹார்டு டிஸ்க்குக்கும், பிறகு கோட்டம், மாநிலம், ஆய்வு நிறுவனம் எனப் பல டிஸ்க்குகளுக்கும் செல்ல வேண்டியவை. இணையவழி அனுப்புவது மலையடிவாரத்தில் எளிதன்று. நொடிக்கு 20 மெகாபிட் வேகம் இடைவிடாமல் கிடைத்தாலும் ஒரு டெராபைட் போய்ச் சேர 4 லட்சம் நொடிகள், அதாவது நாலரை நாளுக்கு மேல் ஆகும். ஆகவே டிஸ்க் விட்டு டிஸ்க் நகலெடுப்பதே நடைமுறை. லட்சக்கணக்கான சிறு கோப்புகளை எந்த முறையில் நகலெடுத்தால் விரைவாகவும் குறையின்றியும் முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. நிலவும் விளக்கங்கள்

நகலெடுப்பு ஏன் மந்தமாகிறது என்பதற்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் தரப்படுகின்றன. கேபிளும் இணைப்பும் பழையவை என்பது முதலாவது. விண்டோஸின் இழுத்துப்போடும் முறை மோசமானது, நல்ல மென்பொருள் இருந்தால் போதும் என்பது இரண்டாவது. ஒரே நேரத்தில் பல கோப்புகளை நகலெடுத்தால் வேகம் பெருகும் என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எதுவும் தனித்து நிற்காது. யுஎஸ்பி 2.0இன் ஏட்டளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட். யுஎஸ்பி 3.0இன் ஏட்டளவு வேகம் 5 ஜிகாபிட். ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுக்கும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பத்து கிலோபைட் கோப்புகள் ஒரு லட்சம் இருந்தால், கேபிளை மாற்றியும் நேரம் அதிகம் குறைவதில்லை. கேபிளை மட்டும் குறைசொல்லும் விளக்கத்தை இந்த ஒன்றே தளர்த்திவிடுகிறது.

3. ஒரு கோப்புக்கு ஆகும் செலவு

கோப்பு ஒன்றை நகலெடுப்பதில் அதன் உள்ளடக்கத்தைக் கடத்துவது ஒரு பகுதிதான். மூலத்தில் கோப்புறைப் பட்டியலைத் தேடி, கோப்பைத் திறந்து, அதன் அளவையும் தேதியையும் படிக்க வேண்டும். சேருமிடத்தில் பெயரைப் பதிந்து, காலியிடத்தை ஒதுக்கி, உள்ளடக்கத்தை எழுதி, தேதியையும் அனுமதிகளையும் இட்டு மூட வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தலைமைப் பட்டியலில் வழக்கமாக ஒரு கிலோபைட் பதிவை வைக்கிறது. நடந்த மாற்றத்தைத் தனிக் குறிப்பேட்டிலும் எழுதுகிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4க்கும் இத்தகைய குறிப்பேடு உண்டு. மின்சாரம் நின்றாலும் டிஸ்க் குலையாமல் காப்பது அதுவே. அதற்கான விலையைக் கோப்புக்குக் கோப்பு செலுத்த வேண்டியிருக்கிறது.

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இந்த விலை அதிகம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் படித்தெழுதும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக 5.6 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதையும் சேர்த்தால் ஓர் அணுகலுக்கு ஏறத்தாழ 15 மில்லிநொடி. ஒரு கோப்புக்கு இத்தகைய அணுகல் மூன்று என்று கொண்டால் 45 மில்லிநொடி. ஒரு லட்சம் கோப்புகளுக்கு 4,500 நொடி, அதாவது 75 நிமிடம். உள்ளடக்கம் நொடிக்கு 100 மெகாபைட் வீதம் கடக்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு கோப்பும் ஒரு மெகாபைட்டாக இருக்கும்போது கடத்தலுக்கு ஆவது 17 நிமிடம். பத்து கிலோபைட்டாக இருந்தால் வெறும் 10 நொடி. 75 நிமிடம் மட்டும் இரண்டிலும் மாறுவதில்லை. இயங்குதளம் எழுத வேண்டியவற்றைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவதால் உண்மையில் இந்த நேரம் குறையக்கூடும். ஆயினும் சுமை எங்கே இருக்கிறது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

போடியின் ஏலக்காய் ஏலத்தோடு இதை ஒப்பிடலாம். லாட் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் எடை, மாதிரி, எண், விலைகூறல் எல்லாம் உண்டு. ஒரே சரக்கை நூறு லாட்டாகப் பிரித்துக் கொண்டுவந்தால் காய் கூடாது, ஏலம் முடியும் நேரம் கூடும்.

மெமரி கார்டில் நகரும் முனை இல்லை; ஆகவே அதிலிருந்து படிப்பதில் இந்தக் காத்திருப்பு பெரிதன்று. அங்கே வேறு தடைகள் உண்டு. 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகள் ஃபேட்32 அமைப்பிலும், அதைவிடப் பெரியவை எக்ஸ்ஃபேட் அமைப்பிலும் வருகின்றன. ஃபேட்32இல் கோப்புறைப் பட்டியல் வரிசையாகத் தேடப்படுவது. ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்தால் பெயர் தேடுவதே வேலையாகும். எளிய கார்டு ரீடர்கள் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்ததை ஏற்கின்றன. சேருமிடம் எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் இடமும் வீணாகும்: 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் இயல்பாக 128 கிலோபைட் கட்டங்களாகப் பிரிக்கிறது, பத்து கிலோபைட் குறிப்புக் கோப்பும் முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

4. பல கோப்புகளை ஒரே நேரத்தில் நகலெடுப்பது

விண்டோஸ் 7இலிருந்து ரோபோகாப்பி என்னும் கட்டளையில், இழைக்கொரு கோப்பாக ஒரே நேரத்தில் பலவற்றை நகலெடுக்கும் பலஇழை வசதி உண்டு. இயல்பாக 8, கூடினால் 128. நகரும் முனை இல்லாத எஸ்எஸ்டியில் இது உண்மையிலேயே பயன் தருகிறது. அதைக் கணினியோடு இணைக்கும் பழைய ஏஎச்சிஐ முறை ஒரே வரிசையில் 32 கட்டளைகளைத்தான் ஏற்கும். புதிய என்விஎம்ஈ முறை ஆயிரக்கணக்கான வரிசைகளை ஏற்க வல்லது. ஒற்றை இழையில் நகலெடுத்தால் இத்தகைய எஸ்எஸ்டி பெரும்பாலான நேரம் வேலையின்றிக் கிடக்கும். சேருமிடம் ஒரே முனைத்தொகுதி கொண்ட 5,400 சுற்று டிஸ்க்காக இருந்தால் நிலைமை வேறு. 32 இழைகள் 32 இடங்களைக் கேட்கும்போது முனை அங்குமிங்கும் அலைகிறது. கோப்புகளும் சிதறி எழுதப்பட்டு, பிற்பாடு படிக்கும்போதும் மந்தம் தொடர்கிறது. இழைகளைக் கூட்டச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் எஸ்எஸ்டியில் பெற்ற அனுபவத்திலிருந்து வருபவை. வனச்சரக அலுவலகத்தின் கையடக்க டிஸ்க்குக்கு அவற்றை அப்படியே பொருத்துவது தவறு.

வேகத்தைக் குலைக்கும் வேறு காரணிகளும் உள்ளன. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு ‘விரைவாகக் கழற்றும்’ ஏற்பாடு இயல்புநிலையானது. அதில் எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கிவைப்பது நிறுத்தப்படுவதால் சிறு கோப்புகள் மேலும் மந்தமாகும். தேக்கத்தை இயக்கினால் வேகம் கூடும். முறைப்படி வெளியேற்றாமல் கழற்றினால் படங்கள் பறிபோகும். மின்வெட்டும் அவசரமும் கலந்த களநிலையில் இயல்புநிலையை மாற்றாமல் விடுவதே நல்லது.

5. கட்டி அனுப்பும் முறைகள்

எண்ணிக்கையே சுமையென்றால் எண்ணிக்கையைக் குறைப்பதே நேரான வழி. யுனிக்ஸ் உலகில் 1979இன் ஏழாம் பதிப்பிலிருந்து புழங்கும் டார், கோப்புகளை ஒவ்வொன்றுக்கும் 512 பைட் தலைப்போடு ஒரே ஓடையாக்குகிறது. மூலத்தில் டார் கட்டி, குழாய்வழி சேருமிடத்தில் மற்றொரு டார் அவிழ்ப்பது லினக்ஸ் பயனர்களின் பழைய பரிந்துரை. படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் இதில் கொஞ்சம் நேரம் மிஞ்சும். சேருமிடத்தில் அவிழ்த்தவுடனே ஒவ்வொரு கோப்பும் மறுபடி உருவாக்கப்பட வேண்டும். அதற்கான செலவு அங்கே திரும்பிவிடுகிறது. கட்டை அவிழ்க்காமல் ஒரே கோப்பாக வைத்திருந்தால்தான் பயன் முழுமையாகும்.

அப்படி வைப்பதற்கு டாரைவிட ஜிப் வசதியானது. டாரில் உள்ளடக்க அட்டவணை இல்லை; கடைசிப் படத்தை எடுக்கத் தொடக்கத்திலிருந்து கடக்க வேண்டும். ஜிப்பின் இறுதியில் அட்டவணை இருப்பதால் வேண்டிய படத்தை நேரே எடுக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண்ணும் அதிலேயே இருக்கிறது. 65,535 கோப்பு, 4 ஜிகாபைட் என்ற பழைய வரம்புகளை ஜிப்64 நீக்கிவிட்டது. ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மீண்டும் சுருக்க முயன்றால் செயலிக்கு வேலை கூடுமே தவிர அளவு குறையாது. சுருக்காமல் அடுக்கும் நிலையைத் தேர்ந்தால் டிஸ்க்கின் வேகத்திலேயே கட்டு உருவாகும்.

இன்னொரு வழி, கோப்புகளைப் பாராமல் கார்டு முழுவதையும் அடி முதல் முடி வரை படித்து ஒரே பிம்பமாக்குவது. லினக்ஸின் டிடி இதைச் செய்கிறது. நொடிக்கு 80 மெகாபைட் வீதம் 32 ஜிகாபைட் கார்டுக்கு 400 நொடி. உள்ளே நூறு படமோ பத்தாயிரம் படமோ, நேரம் ஒன்றே. கார்டு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் இது நல்ல பேரம். 4 ஜிகாபைட் மட்டும் இருக்கும் கார்டுக்கு இது வீண். நூறு கார்டுகளின் பிம்பம் 3.2 டெராபைட்டை விழுங்கும், படங்களோ 400 ஜிகாபைட்தான். பயன்பட்ட கட்டங்களை மட்டும் எடுக்கும் பார்ட்குளோன் இந்த வீணைத் தவிர்க்கிறது. சேதமடைந்த கார்டுக்கும், அழிந்த படத்தை மீட்க வேண்டிய கார்டுக்கும் முழுப் பிம்பமே சரியான வழி.

ஆர்சிங்க் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட இந்த மென்பொருளின் புகழுக்குக் காரணம், கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அதன் நுட்பம். அது வலையமைப்புக்கானது, ஒரே கணினியின் இரு டிஸ்க்குகளுக்கிடையே ஆர்சிங்க் இயல்பாகக் கோப்பை முழுமையாகவே நகலெடுக்கிறது. முதல்முறை நகலுக்கு அது சாதாரண நகல் கட்டளையைவிட விரைவானதன்று. பாதியில் நின்ற வேலையைத் தொடர்வதிலும், அடுத்தடுத்த சுற்றில் புதியவற்றை மட்டும் சேர்ப்பதிலும்தான் அதன் வலிமை. அங்கும் ஃபேட் அமைப்பின் ஒரு குணம் குறுக்கிடும்: அதில் மாற்ற நேரம் இரண்டு நொடித் துல்லியத்தில்தான் பதிகிறது. மற்றொரு அமைப்பில் உள்ள நேரத்தோடு ஒப்பிடும்போது ஒரு நொடி பிசகினாலும் கோப்பு மாறிவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கும். ஆர்சிங்கிலும் ரோபோகாப்பியிலும் இந்தப் பிசகைப் பொறுக்கச் சொல்லும் விருப்பம் இருக்கிறது. கார்டுகளோடு பழகுவோர் அதை இயக்கியே ஆக வேண்டும்.

6. பெயர் மோதல்

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து கேமராக்கள் படத்துக்குப் பெயரிடும் விதத்தில் இருக்கிறது. டிசிஎஃப் என்னும் கேமராக் கோப்பு விதிப்படி படங்கள் 0001 முதல் 9999 வரை எண் பெறும். கோப்புறைகளும் 100இலிருந்து எண்ணப்படும். ஐம்பது கேமராக்களிலும் ஒரே கோப்புறைப் பெயர், ஒரே படப் பெயர் வரக்கூடும். இரண்டாவது கார்டை அதே கோப்புறைக்குள் அவசரமாக நகலெடுத்து, ‘மாற்றி எழுதவா’ என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டால் முதல் கார்டின் படங்கள் அழிந்துவிடும். எண்ணிக்கை சரிபார்க்காதவரை அது யாருக்கும் தெரியாது.

ஒரு கார்டு, ஒரு கட்டு என்ற முறை இந்த ஆபத்தையும் தீர்க்கிறது. கட்டின் பெயரில் இட எண், கேமரா எண், கார்டு கழற்றிய தேதி மூன்றும் இருந்தால் உள்ளே உள்ள பெயர்கள் மோதுவதற்கு இடமில்லை. ஆயிரம் படங்கள் ஒரு கோப்பாகிவிடுவதால், அடுத்தடுத்த டிஸ்க்குகளுக்கான எல்லா நகலும் இணைப்பின் முழு வேகத்தில் போகும். கட்டும் வேலை ஒருமுறை, பலன் பயணந்தோறும்.

போடி மலையோடு பிணைந்த மற்றொரு அறிவியலில் இந்தப் பழக்கம் வேரூன்றியது. பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிடப்பட்டது 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான உணர்கருவி; 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. அதன் 85 டன் சிறுவடிவம் மதுரையில் இயங்குகிறது. துகள் இயற்பியலில் ஒவ்வொரு நிகழ்வையும் தனிக் கோப்பாக எழுதுவதில்லை. செர்னில் 1995 முதல் ரெனே புரூன், ஃபான்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் உருவாக்கிய ரூட் போன்ற வடிவங்களில் எண்ணற்ற நிகழ்வுகள் ஒரே கோப்பில் அடுக்கப்படுகின்றன. கானுயிர்த் துறைக்குக் கிடைத்ததோ ஒரு நிகழ்வுக்கு ஒரு கோப்பு எழுதும் கருவி. துகள் இயற்பியலாளர்கள் கருவியிலேயே செய்துவிடுவதைக் கானுயிர்த் துறை முதல் நகலின்போது செய்ய வேண்டியிருக்கிறது.

இலையசைவிலும் மாட்டு நடமாட்டத்திலும் பதிவான படங்களைக் களத்திலேயே அழித்துவிட்டு மிச்சத்தை நகலெடுத்தால் என்ன என்ற யோசனையும் உண்டு. புலிப் படங்கள் மொத்தத்தில் 0.22 விழுக்காடே என்பதால் மிச்சமாகும் நேரம் மிகப் பெரிது. ஆயினும் இது ஏற்கத் தக்கதன்று. கேமரா எந்த நாள் வரை இயங்கியது என்பதை அந்த வெற்றுப் படங்களே காட்டுகின்றன. ஒரு விலங்கு அங்கே தென்படவில்லை என்ற கூற்றும் அவற்றை நம்பியே நிற்கிறது. வேட்டைக்காரரோ மரம் வெட்டுபவரோ பதிந்த படமும் அந்தக் குவியலில்தான் இருக்கும்.

7. வேகத்தை அளப்பதில் நேரும் பிழைகள்

முறைகளை ஒப்பிடும் சோதனைகள் பலவற்றில் அளவே பிசகாக இருக்கிறது. லினக்ஸில் நகல் கட்டளை முடிந்ததாகத் திரும்பும்போது உள்ளடக்கத்தின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் இருக்கலாம். டிஸ்க்கில் எழுதி முடியும் வரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. ஒரே கோப்புகளை இரண்டாம் முறை நகலெடுக்கும்போது அவை நினைவகத்திலிருந்தே படிக்கப்படுவதால், இரண்டாவதாகச் சோதிக்கப்பட்ட மென்பொருள் வேகமானதாகத் தோன்றும். சிறிய அளவில் செய்த சோதனையும் ஏமாற்றும். தடங்களை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளும் விலை குறைந்த எஸ்எஸ்டிகளும் தொடக்கத்தில் ஒரு தேக்கப் பகுதியில் வேகமாக எழுதும். அது நிரம்பியதும் வேகம் சரியும்.

சரிபார்ப்பிலும் இதே பிழை நுழையும். ஆர்சிங்க் கடத்தும்போதே உள்ளடக்கத்தைச் சரிபார்க்கிறது. எழுதியதை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. ரோபோகாப்பி உள்ளடக்கத்தை ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், கொண்டு ஒப்பிடுவதே இல்லை. விண்டோஸுக்கான ஃபாஸ்ட்காப்பி, டெராகாப்பி இரண்டிலும் சரிபார்ப்பு வசதி உண்டு. எந்தக் கருவியானாலும், நகல் முடிந்த கையோடு படித்தால் நினைவகத்தில் உள்ளதையே படிக்க நேரலாம். டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, மறுபடி இணைத்து, அதன்பின் ஹாஷ் கணக்கிடுவதே நம்பத் தக்க சரிபார்ப்பு. அந்த நேரத்தையும் சேர்த்தே ஒரு முறையை வேகமானது என்றோ மந்தமானது என்றோ சொல்ல வேண்டும். அப்படி அளக்கும்போது சிதறிய கோப்புகளுக்கும் கட்டுக்கும் இடையிலான தூரம் இன்னும் விரியும். சிதறிய கோப்புகளைத் திரும்பப் படிப்பதிலும் அதே அணுகல் செலவு உண்டு. கட்டு ஒரே ஓட்டமாகப் படிக்கப்படும்.

8. களத்துக்கேற்ற தேர்வு

மேற்கண்டவற்றிலிருந்து எழும் பரிந்துரை இடத்துக்கு இடம் மாறும். சரக அலுவலகத்தில் கார்டிலிருந்து எடுக்கும்போது, மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் கார்டுக்கொரு கட்டாகச் சுருக்காத ஜிப் உருவாக்கி, அதன் ஹாஷைக் கணக்கிட்டு, கட்டையும் ஹாஷையும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளுக்கு அனுப்புவது சிறந்தது. கார்டில் பிழை தெரிந்தால் முழுப் பிம்பம். ஏற்கெனவே பழைய ஹார்டு டிஸ்க்கில் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கும் படங்களுக்கு, இரண்டோ நான்கோ இழைகளோடு ரோபோகாப்பி, அல்லது ஒற்றை இழையிலேயே இயங்கும் ஆர்சிங்க். அவற்றையும் சேருமிடத்தில் கட்டாகவே வைப்பது மேல். இனம் பிரிக்கும் மென்பொருளுக்குத் தனிப் படங்கள் வேண்டியபோது எஸ்எஸ்டியில் அவிழ்த்துப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடலாம். மூலக் கட்டைத் தொட வேண்டியதில்லை.

ஹாஷ் பட்டியலை உள்ளடக்கத்தோடு சேர்த்துவைக்கும் ஒழுங்குக்கு ஆவணக் காப்பகங்கள் ஏற்கெனவே ஒரு வடிவம் தந்துள்ளன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் சேர்ந்து வளர்த்த பேகிட், 2018இல் இணைய ஆவணம் 8493ஆக வெளியானது. உள்ளடக்கக் கோப்புறை ஒன்றும், ஒவ்வொரு கோப்பின் ஹாஷைத் தாங்கும் எளிய உரைப் பட்டியலும்தான் அதன் சாரம். வனத்துறைக்கு அது அப்படியே பொருந்தும். புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணு ஆவணத்தைச் சான்றாக ஏற்க 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழின் படிவத்தில் ஹாஷ் மதிப்பையும் அதைக் கணக்கிட்ட முறையையும் எழுதத் தனியிடம் உண்டு. கார்டு கழற்றிய நாளில் கணக்கிடாத ஹாஷை, ஆண்டுகள் கழித்து வழித்தட வழக்கு வரும்போது உருவாக்கிப் பயனில்லை. இடையில் எதுவும் மாறவில்லை என்பதை அது காட்டாது. போடி, கம்பம், மேகமலைச் சரகங்களில் அடுத்த சுற்றுக் கேமராக்கள் கட்டப்படுவதற்கு முன்பே, கார்டுக்கொரு கட்டு, கட்டுக்கொரு ஹாஷ் என்ற விதி கள நடைமுறையில் எழுத்தாக இடம்பெற வேண்டும்.